ஸ்கிரைப் தேடுவது யார் வேலை?

கோலூன்றி
ஞாயிறு, இரவு 10:48

வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு யாப்பிலக்கணத் தேர்வு. வியாழன் இரவு 9:40க்கு என் ஸ்கிரைப், அதாவது நான் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதித் தருபவள், போன் செய்தாள். "அக்கா, எனக்கும் நாளை உள்தேர்வு வைத்துவிட்டார்கள், வர முடியாது" என்றாள். அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. இளங்கலை இரண்டாமாண்டு படிக்கும் பெண், இரண்டு பருவமாக எனக்கு எழுதி வருபவள். போனில் அவள்தான் அழுதாள், நான் அழவில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: எம்.ஏ. தமிழ் இறுதியாண்டு, மதுரை, பிறவியிலேயே முழுப் பார்வையின்மை.

அன்றிரவு 12:15 வரை 23 பேருக்குப் போன் செய்தேன். மறுநாள் அழைப்புப் பட்டியலைத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்) ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டியபோது எண்ணினேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் "பாவம்" என்றார்கள். ஒருவர் அரை மணி நேரம் தன் கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார். கடைசியில் விடுதியில் பக்கத்து அறைத் தோழியின் தங்கை ஒப்புக்கொண்டாள். பி.காம். மாணவி. தமிழ் பள்ளியோடு சரி.

காலை 8:30க்கே கல்லூரி அலுவலகத்தில் நின்றோம். புதிய ஸ்கிரைப் என்றால் புதிய விண்ணப்பம், அவளுடைய புகைப்படம், அடையாள அட்டை நகல், அவள் படிக்கும் கல்லூரியின் கடிதம், எங்கள் துறைத்தலைவர் கையெழுத்து. கல்லூரிக் கடிதம் எங்கிருந்து வரும்? அது திறக்கவே 9:30 ஆகும். ஓடி வாங்கி வந்து நாங்கள் உட்கார்ந்தபோது மணி 10:25. அந்த 25 நிமிடத்தைத் திருப்பித் தரவில்லை. "கூடுதல் நேரம்தான் ஒரு மணி இருக்கிறதே" என்றார்கள். கூடுதல் நேரம் அதற்கா?

பிறகு அலகிடுதல், அதாவது செய்யுளின் ஒவ்வொரு சீரையும் அசையாகப் பிரித்து அதற்குரிய வாய்பாட்டைச் சொல்வது. முதல் குறளைக் கொடுத்திருந்தார்கள். சீர், அசை, வாய்பாடு என்று மூன்று பத்தியாகக் கோடு போடச் சொன்னேன். "எழுத்தெல்லாம்" என்ற சீர் வந்தது. "எழுத், ஒரு சாய்கோடு, தெல், சாய்கோடு, லாம். நிரை நேர் நேர். புளிமாங்காய்" என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அக்கா, மாங்காயா?" என்றாள். அது அந்தச் சீரின் வாய்பாடு என்று தெரியாமல், நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அவள் எழுதும் ஒவ்வோர் ஒற்றையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசி இரண்டு பத்து மதிப்பெண் வினாக்களைத் தொடவே இல்லை.

நான் கேட்பது இதுதான். பார்வையுள்ள மாணவி தேர்வுக்கு மேசையும் நாற்காலியும் தேடிக்கொண்டு போவதில்லை. எனக்கு எழுதும் கையை மட்டும் நான் ஏன் இரவு பன்னிரண்டு மணிக்குத் தேட வேண்டும்? உங்கள் ஊரில், உங்கள் கல்லூரியில் எப்படி நடக்கிறது?

நம்பிக்கை ஒளி
ஞாயிறு, இரவு 11:05

சகோதரி, கண்கள் கலங்கிவிட்டன. உங்களைப் போன்றவர்கள் தெய்வப் பிறவிகள். எல்லாம் இருந்தும் படிக்காத எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு பாடம். வாழ்க வளமுடன்.

கோலூன்றி
ஞாயிறு, இரவு 11:09

நன்றி. தெய்வப் பிறவிக்கு அரியர் விழாது. எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, வெள்ளிக்கிழமைத் தேர்வு இரண்டாவதாகச் சேரும்போலிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்களா? ஒற்று பிழையில்லாமல் எழுதுவார்களா?

வெள்ளைத்தாள்
திங்கள், காலை 6:30

ஒன்பது ஆண்டுகளாக எழுதிக்கொடுத்து வருகிறேன். வங்கி வேலை. தகுதி விதிப்படி எல்லாத் தேர்வுக்கும் நான் உட்கார முடியாது என்பதால் போட்டித்தேர்வுகளைவிடக் கல்லூரித் தேர்வுகளே அதிகம். உங்கள் "புளிமாங்காய்" கதையைப் படித்ததும் என் முதல் தேர்வு ஞாபகம் வந்தது. வரலாற்று மாணவர் ஒருவர் "களப்பிரர்" என்று சொல்ல, நான் நான்கு பக்கம் முழுக்க "களபிறர்" என்று எழுதிவைத்தேன். அவருக்குத் தெரியாது. திருத்தியவருக்கு, அந்த மாணவருக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றியிருக்கும். அந்த மதிப்பெண் என்னால் போனது. அதற்குப் பிறகுதான், தேர்வுக்கு முன்பு ஒரு மணி நேரம் அந்தப் பாடத்தின் பெயர்ச்சொற்களை அவர்களையே எனக்குச் சொல்லித்தரச் சொல்லும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், சொன்னதை எழுத வேண்டியதுதானே என்கிறார்கள். வினாத்தாளை வாசிப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. முதல் பத்து நிமிடம் எழுதவே கூடாது. எல்லா வினாவையும் ஒருமுறை வாசித்துக்காட்ட வேண்டும். எது கட்டாயம், எதில் "அல்லது" இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண்ணால் படிப்பவர் ஒரே பார்வையில் தாளை அளந்துவிடுகிறார். கேட்பவர் அத்தனையையும் மனத்தில் அடுக்கிவைக்க வேண்டும். அடுத்தது எழுத்தின் வேகம். அவர் யோசித்து யோசித்துச் சொல்லும்போது நம் கை காத்திருக்கும். அவர் ஓடத் தொடங்கும்போது நாம் "மெதுவாக" என்றால் அவர் கட்டிவைத்த வாக்கியம் உடைந்துவிடும். எனவே நான் பின்னால் இரண்டு வரி மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுவேன். பத்தி முடிந்ததும் வாசித்துக்காட்டுவேன்.

இன்னொன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது. தவறான ஆண்டைச் சொல்வார். எனக்குச் சரியான ஆண்டு தெரியும். எழுதுவது அவருடைய ஆண்டைத்தான். முதல் சில தேர்வுகளில் பேனா தயங்கியது, அந்தத் தயக்கத்தையே கேட்டு அவர் திருத்திக்கொண்டார்! அதற்குப் பிறகு தயங்காமல் எழுதப் பழகினேன்.

கேள்விக்கு வருகிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி தேர்வுக்கு முந்தைய இரவில்தான் வருகின்றன. பிப்ரவரி, ஏப்ரல், நவம்பர் மாதங்களில் எட்டு மணிக்குமேல் போன் அடித்தால் என் மனைவி "உங்கள் தேர்வு வந்துவிட்டது" என்பாள். என் வங்கியில் விடுப்பு தீர்ந்துவிட்டால் அவருக்குத் தேர்வு இல்லை என்றாகிவிடுகிறது. முறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, என்னுடைய தற்செயல் விடுப்பை நம்பியே எல்லாம் ஓடுகிறது.

பழைய வாத்தியார்
திங்கள், காலை 9:15

கசப்பாக இருந்தாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குமேல் தேர்வறை மேற்பார்வை பார்த்தவன். எழுதுபவர் என்ற பெயரில் உட்கார்ந்து தானே விடையெழுதியவர்களைப் பிடித்திருக்கிறேன். ஒருமுறை எழுதுபவர் கடகடவென்று எழுதிக்கொண்டிருந்தார், தேர்வர் உறங்கிக்கொண்டிருந்தார். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கடிதம், புகைப்படம், எழுதுபவருக்குத் தேர்வரைவிட ஒரு படி குறைந்த கல்வித்தகுதி என்பதெல்லாம் இப்படிப்பட்ட சிலரால் வந்தவை. அலுவலகம் உங்களைத் துன்புறுத்துவதற்காகக் கேட்பதாக நினைக்க வேண்டாம், அம்மா. பள்ளிப் பொதுத்தேர்வுகளில் பெரும்பாலும் துறையே ஓர் ஆசிரியரைச் சொல்வதை எழுதுபவராகப் போட்டுவிடும். அங்கே இந்தத் தொல்லை குறைவு.

கோலூன்றி
திங்கள், காலை 9:40

மேற்கோள்: *"பள்ளிப் பொதுத்தேர்வுகளில் பெரும்பாலும் துறையே ஓர் ஆசிரியரைப் போட்டுவிடும்."*

ஐயா, நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு ஓர் ஆசிரியைதான் எழுதினார். முகம் தெரியாதவர், ஆனால் என்ன எழுத்து! ஒருமுறைகூட "என்ன சொன்னாய்?" என்று கேட்கவில்லை. அப்போது நான் யாருக்கும் போன் செய்ததில்லை. பதினேழு வயதில் இருந்த மரியாதை இருபத்துமூன்று வயதில் ஏன் குறைகிறது?

உறங்கிய தேர்வரைப் பற்றி: பார்த்து எழுதிப் பிடிபடும் பார்வையுள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்காக எல்லோரிடமும் பேனா கொண்டுவரக் கடிதம் கேட்கிறோமா?

பழைய வாத்தியார்
திங்கள், காலை 10:02

பேனா உதாரணம் பொருந்தாது. பேனாவுக்கு விடை தெரியாது. ஆனால் முதல் பகுதியை ஏற்கிறேன். எழுதுபவரை நிறுவனமே கொடுத்தால் இந்தச் சந்தேகமே எழாது.

நடுப்பக்கம்
திங்கள், பகல் 1:20

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் வைக்கிறேன். வழக்கறிஞர் தொழிலில் இருக்கிறேன், ஆனால் இது சட்ட ஆலோசனை அல்ல.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆவது பிரிவில், தேர்வு முறையை மாற்றியமைப்பது அரசின், உள்ளாட்சியின் கடமைகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கூடுதல் நேரம், எழுதுபவர் வசதி, இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு மூன்றும் அங்கே பெயர்சொல்லியே வருகின்றன. கடமை என்ற சொல்லைக் கவனியுங்கள்.

2018 ஆகஸ்ட் 29 தேதியிட்ட மத்திய அரசின் வழிகாட்டியில்தான் நடைமுறை விவரம் இருக்கிறது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுசெய் நேரம், அதனால்தான் மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி கூடுதல். சொந்தமாக எழுதுபவரை அழைத்து வருவதா, தேர்வு நடத்துபவரிடம் கேட்பதா என்பது அந்த வழிகாட்டியின்படி தேர்வரின் விருப்பம். நிறுவனமே கொடுத்தால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவரைச் சந்தித்துப் பழகிப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். மொழித்தாளுக்கு ஒருவர், மற்றதற்கு வேறொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் எழுதுபவரை மாற்றுவதற்கும் இடம் உண்டு. கோலூன்றி இழந்த அந்த 25 நிமிடம், ஒருவர் அந்த வழிகாட்டியைப் படித்திருந்தால் இழக்க வேண்டியதே இல்லாத நிமிடங்கள். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள்.

பிறகு 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் கொடுத்த தீர்ப்பு. குடிமைப் பணித் தேர்வு எழுத வந்தவர் அவர். பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு, மருத்துவச் சான்றில் 6 சதவீதம். 40 சதவீதம் இல்லையே என்று எழுதுபவரை மறுத்தார்கள். 40 என்ற அளவு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, எழுத முடியாதவருக்கு எழுதும் கை தருவதற்கு அதை அளவுகோலாக வைக்காதே என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், 40 சதவீதத்துக்குக் குறைவாக உள்ளவர்களுக்கும் தனி வழிகாட்டி வந்தது.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பார்வைக்குறைவு 70 சதவீதம் உள்ள ஒருவர் தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி ஆக முடியாது என்று 2019இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம் என்றும் விகாஷ் குமார் தீர்ப்பில் எழுதினார்கள். 2025 மார்ச் 3 அன்று, பார்வையின்மை மட்டுமே காரணமாக நீதிபதிப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று எவரையும் ஒதுக்க முடியாது என்று தெளிவாகவே தீர்ப்பு வந்துவிட்டது. பார்வையற்ற நீதிபதியை ஏற்கும் நாட்டில் பார்வையற்ற எம்.ஏ. மாணவிக்கு எழுத ஆள் இல்லை.

துளசிமாடம்
திங்கள், மாலை 4:45

என் மகனுக்குக் கண் நன்றாகத் தெரியும், கை நன்றாக இயங்கும். அதுதான் அவனுடைய பிரச்சினை.

டிஸ்லெக்சியா, எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு. ஒன்பதாம் வகுப்பு. வாயால் கேட்டால் பானிப்பட்டுப் போர் மூன்றையும் வரிசையாகச் சொல்வான். தாளில் எழுதச் சொன்னால் "போர்" என்பதே "பேர்" ஆகும், பிறகு "பொர்" ஆகும். நம் கொம்பு, கால், இரட்டைக்கொம்பு எல்லாம் எழுத்தின் முன்னும் பின்னுமாக உட்காருவது அவனுக்கு எவ்வளவு பெரிய சதி என்று பல ஆண்டு அவனோடு உட்கார்ந்த பிறகே எனக்குப் புரிந்தது. ஒலியில் முதலில் வருவது "ப". எழுத்தில் முதலில் வருவது கொம்பு. அவன் கேட்பான், "அம்மா, பின்னால் சொல்வதை ஏன் முன்னால் எழுத வேண்டும்?" என்னிடம் பதில் இல்லை.

எழுதுபவர் வேண்டும் என்று பள்ளியில் கேட்டேன். "பையன் கிரிக்கெட் ஆடுகிறானே" என்றார்கள். சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்று பட்டியலைக் காட்டினேன். சோதனை, சான்றிதழ், மறுபடி சோதனை என்று ஓராண்டு போனது. இப்போது கிடைத்துவிடும் போலிருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறொன்று. மொழிப்பாட விலக்கு என்று ஒரு சலுகை இருக்கிறதல்லவா? அதை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழை விட்டுவிடலாம், மதிப்பெண் சதவீதம் ஏறும் என்கிறார்கள். என் மாமனார் வில்லுப்பாட்டுக் கலைஞர். இவன் அவரோடு உட்கார்ந்து பாட்டை மனப்பாடமாகப் பாடுவான். எழுத வராத ஒரே காரணத்துக்காகத் தமிழே வேண்டாம் என்று கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. எழுதுபவர் இருந்தால் விலக்கு தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆனால் எழுதுபவரைத் தருவதைவிட விலக்கைத் தருவது பள்ளிக்கு எளிது.

வெள்ளைத்தாள்
திங்கள், மாலை 5:20

துளசிமாடம் அம்மா, விலக்குக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஒரு பருவத் தேர்வை எழுதுபவரோடு எழுதிப் பார்க்கட்டும். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதவைப்பதும் தனிப் பழக்கம்தான். ஒரு வாக்கியத்தை முழுவதும் மனத்தில் கட்டி, பிறகு வாய் திறக்க வேண்டும். என்னோடு எழுதிய ஒரு பையன் முதல் தேர்வில் "அப்புறம் அப்புறம்" என்று பதினாறு முறை சொன்னான். விதி விதிதானே, பதினாறையும் எழுதினேன். வாசித்துக்காட்டியதும் அவனே சிரித்துவிட்டான்.

சுட்டி இல்லாதவன்
திங்கள், இரவு 8:10

எல்லோரும் கையைத் தேடுகிறீர்கள். நான் விசைப்பலகையைத் தேடுகிறேன்.

முழுப் பார்வையின்மை, மென்பொருள் வேலை, சென்னை. பள்ளியில் ஸ்கிரைப், கல்லூரி முதலாண்டில் ஸ்கிரைப், பிறகு விட்டுவிட்டேன். கணினியில் நானே தட்டச்சு செய்து தேர்வு எழுதினேன். நடுப்பக்கம் சொன்ன அதே 2018 வழிகாட்டியில் இதற்கும் இடம் இருக்கிறது: பிரெயில், கணினி, பெரிய எழுத்து, குரல்பதிவு, எது வேண்டுமோ தேர்வர் கேட்கலாம். கணினியை ஒரு நாள் முன்பே சோதித்துப் பார்க்கலாம். அனுமதி வாங்க ஆறு மாதம் நடந்தேன். ஆனால் அந்தத் தேர்வில்தான் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அழித்தேன். ஸ்கிரைப்பிடம் "அதை அடித்துவிடுங்கள், வேறு மாதிரி எழுதலாம்" என்று எத்தனை முறை சொல்ல முடியும்? மூன்றாவது முறை அவர் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே சுமாரான விடையோடு நின்ற நாட்கள் உண்டு. திருத்தி எழுதும் சுதந்திரம் என்று ஒன்று இருப்பது எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது.

என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தமிழும் வாசிக்கும், கொஞ்சம் ரோபோ தமிழ், பழகிவிடும். ஸ்கிரைப் பட்டியல், ஸ்கிரைப் பயிற்சி என்று இன்னும் இருபது ஆண்டுகளைச் செலவிடுவதைவிட இதில் இறங்கலாம்.

கோலூன்றி
திங்கள், இரவு 8:35

எனக்கும் ஆசைதான். ஆனால் என் ஊரில் எட்டாம் வகுப்புவரை கணினியைத் தொட்டதில்லை. மடிக்கணினி கல்லூரிக்கு வந்த பிறகுதான். தமிழ் தட்டச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் வருகிறது. ஒரு பத்து மதிப்பெண் விடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படிக்கும் பொருளிலேயே சிக்கல் இருக்கிறது. எங்கள் துறையில் சுற்றும் குறிப்புகளில் பாதி பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வடிவம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பான் "தமிழ்" என்ற சொல்லை "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். சிலப்பதிகாரக் குறிப்பை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

சுட்டி இல்லாதவன்
திங்கள், இரவு 8:52

பாமினியை யூனிகோடாக, அதாவது திரைவாசிப்பான் தமிழாகவே வாசிக்கும் எழுத்துமுறையாக, மாற்றும் கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன. ஒட்டினால் மாறிவிடும். கோப்புகளை நான் மாற்றித் தருகிறேன், தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களாக இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும்.

தட்டச்சு வேகம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பன்னிரண்டில் தேர்வுக்குப் போகக் கூடாது. இருபத்தைந்து வந்த பிறகு போகலாம். நான் என்னை வைத்து எல்லோரையும் அளந்துவிட்டேன்.

மெதுவாகப் பேசுபவன்
செவ்வாய், காலை 7:25

ஒரு விரலால் போனில் தட்டச்சு செய்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

எனக்கு மூளை முடக்குவாதம். கை எழுதாது, பேச்சும் குழறும். வீட்டாருக்கும் நான்கைந்து நண்பர்களுக்கும்தான் புரியும். நிறுவனமே ஸ்கிரைப் தரட்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வதைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

ஒரு போட்டித்தேர்வில் அவர்களே ஒருவரைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். நான் "பி" என்றால் அவர் "டி"யா என்பார். தலையை ஆட்டினால், ஆமாமா இல்லையா என்று தெரியாது. என் தலை தானாகவே ஆடும். ஒரு மணி நேரத்தில் பதினொரு வினா. பிறகு அவர் பொறுமை இழந்து, "நீங்கள் நினைப்பதைக் குறித்துவிடவா?" என்றார். நான் நினைப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பழைய வாத்தியார் ஐயா பயப்படும் முறைகேடு அன்று நடந்திருக்கும், அதுவும் நிறுவனம் கொடுத்த ஆளாலேயே.

என் தம்பி மகள் எழுதினால் எண்பது வினாவைத் தொடுவேன். 2025இல் வந்த மத்திய அரசின் புதிய வழிகாட்டி, சொந்த ஸ்கிரைப்பைக் குறைத்துத் தேர்வு நடத்துபவரே பட்டியல் வைக்கட்டும் என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. முறைகேட்டைத் தடுக்கிறோம் என்று எனக்கு இருக்கும் ஒரே குரலையும் எடுத்துவிட வேண்டாம்.

பழைய வாத்தியார்
செவ்வாய், காலை 8:40

தம்பி, இதை நான் யோசித்ததே இல்லை. முப்பது ஆண்டில் உங்களைப் போன்ற ஒரு தேர்வர் என் அறையில் இருந்ததில்லை. அல்லது வந்து, புரியாமல் திரும்பிப் போயிருக்கலாம்.

சந்தேகம் என்றால் அறையில் குரல்பதிவு வைக்கட்டும். தேர்வர் சொல்வதும் எழுதுபவர் வாசிப்பதும் பதிவாகட்டும். பிறகு யார் எழுதினால் என்ன, மகள் எழுதினாலும் சரி.

நடுப்பக்கம்
செவ்வாய், காலை 9:05

ஐயா சொல்வது நல்ல வழி. கோலூன்றியின் முதல் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது என்று படுகிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தேர்வருக்கு. ஆள் இல்லாவிட்டால் கொடுக்கும் கடமை நிறுவனத்துக்கு. இப்போது இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டி, "உரிமை உன்னுடையது, ஆகவே தேடுவதும் நீயே" என்று தேர்வரின் தோளில் போட்டுவிட்டார்கள்.

கைமொழி
செவ்வாய், காலை 11:30

காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியை. குறுக்கிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கை நன்றாக எழுதும். வினாவின் தமிழ்தான் சுவர். சைகை மொழியில் வேற்றுமை உருபு நம் தமிழைப்போல் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. "அரசனால் புலவருக்குப் பரிசு வழங்கப்பட்டது" என்று எழுதினால் யார் யாருக்குக் கொடுத்தார் என்று தடுமாறுகிறார்கள். "அரசன் புலவருக்குப் பரிசு கொடுத்தான்" என்றால் உடனே எழுதிவிடுவார்கள். எங்களுக்கு எழுதுபவர் வேண்டாம், வினாவைச் சைகையில் சொல்பவர் வேண்டும். இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே நீட்டவில்லை.

கோலூன்றி
செவ்வாய், இரவு 9:10

கைமொழி அவர்களே, தொடங்குங்கள், வருகிறேன்.

இன்று நடந்தது: நடுப்பக்கம் சொன்னபடி எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். 2018 வழிகாட்டியின் நகலையும் இணைத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் முழுவதும் வாசித்தார், எனக்குக் கேட்கும்படியாகவே. "இப்படி ஒன்று இருக்கிறதா?" என்றார். பொய்யாகக் கேட்டதாகத் தோன்றவில்லை. இழந்த 25 நிமிடத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த தேர்வுக்குப் பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம்" என்பதை எழுத்தில் கேட்டேன். ஒப்புகை முத்திரை மட்டும் கிடைத்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் பழைய ஸ்கிரைப் மாலையில் வந்து மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய கல்லூரியில் ஸ்கிரைப்பாகப் போகும் நாளுக்கு வருகைப்பதிவு தர மறுக்கிறார்களாம். இதையும் யாராவது எங்காவது எழுத வேண்டும்.

இனி மிச்சம் இருப்பது ஒரு தாள்: வரும் வெள்ளி, தொல்காப்பியம் சொல்லதிகாரம், காலை 10 மணி. அவளுக்கு அன்றும் உள்தேர்வு. இளங்கலை படிக்கும் யாராவது மதுரையில் இருக்கிறீர்களா? கடிதத்துக்கான மாதிரியை நானே தயாராக வைத்திருக்கிறேன், கல்லூரி முத்திரை மட்டும் வாங்கினால் போதும்.

மூன்றாம் நடைமேடை
செவ்வாய், இரவு 9:34

இரண்டு நாளாக வாசிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாமாண்டு, மதுரைதான். பள்ளியில் தமிழ்வழி. தொல்காப்பியம் தெரியாது. ஒற்று தெரியும், கையெழுத்து புரியும்.

கோலூன்றி
செவ்வாய், இரவு 9:36

தொல்காப்பியம் தெரியாமல் இருப்பதுதான் தகுதியே. வேற்றுமைத்தொகை, உவமைத்தொகை, அன்மொழித்தொகை: இந்த மூன்றையும் எழுதிப் படம் எடுத்துத் தனிச்செய்தியில் போடுங்கள். தோழியிடம் காட்டிச் சரிபார்க்கிறேன்.

மூன்றாம் நடைமேடை
செவ்வாய், இரவு 9:41

போட்டுவிட்டேன். நாளை எத்தனை மணிக்கு எங்கள் கல்லூரி வாசலுக்கு வருகிறீர்கள்? முத்திரை வாங்க முதல்வர் அறைக்குச் சேர்ந்தே போகலாம். வருகைப்பதிவையும் அப்போதே கேட்டுவிடுகிறேன்.